கரிசல் கடந்த கால்கள் – 9: ஒரு சாண் பிசகாமல்

சென்ற வாரம் 1801 டிசம்பர் 1-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். பாளையக்காரர் கிளர்ச்சியை நடத்திய ஊமைத்துரையைத் தூக்கிலிட்ட ஈரம் காயவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்த நிலையில்தான் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், தென்சீமையில் யாரும் வேலோ துப்பாக்கியோ வைத்திருக்கக் கூடாது என்று ஆணை போட்டார். வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாக ஆயுதம் வைத்திருந்த குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன.

அதே கவர்னர், அதே ஆட்சிக் காலத்தில், இன்னொரு காரியத்துக்கும் அனுமதி கொடுத்திருந்தார். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, சென்னையில் தொடங்கித் தீபகற்பம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நாட்டுக்குச் சரியான வரைபடம் கிடைக்கும், கூடவே பூமியின் வடிவத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். ஆயுதங்களைப் பிடுங்கிய அரசு, அடுத்தபடியாகச் சங்கிலியைக் கொடுத்து ஆட்களை அனுப்பியது. அந்த ஆட்கள் நம் கரிசலுக்கு வந்து சேர 1808, 1809 ஆகிவிட்டது. இந்தப் பகுதி அவர்களைப் பற்றியது. லாம்டனைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரோடு நடந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

விருதுநகரும் சிவகாசியும் அன்றைக்கு இன்றுள்ள ஊர்கள் இல்லை. விருதுநகர் அப்போது விருதுபட்டி. பெயர் மாறியது 1923-இல். சிவகாசிக்குத் தீப்பெட்டி வரவே நூறு ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தது. ஆனால் பூமி உருண்டையில் இந்த ஊர்கள் இருந்த இடம் லாம்டனுக்கு முக்கியம். அவர் வடக்கு தெற்காக இழுக்க நினைத்த கோடு 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. விருதுநகர் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் கொஞ்சம் மேற்கே. பெங்களூரில் ஓர் அடிக்கோடு (முக்கோணங்களுக்கு ஆதாரமாகச் சங்கிலியால் நேரடியாக அளக்கும் கோடு), கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னொன்று, பாளையங்கோட்டைக்கு அருகே 1809-இல் மற்றொன்று, கடைசியில் குமரிமுனைக்குச் சற்று மேலே புன்னை என்ற இடம். இதுதான் தெற்குக் கணக்கு. கோவையிலிருந்து புன்னைக்கு இறங்கும் முக்கோணச் சங்கிலி, மேற்கே மலைத்தொடரும் கிழக்கே சமவெளியுமாகக் கிடக்கும் நம் சீமை வழியாகத்தான் வர முடியும்.

வந்தது எப்படிப்பட்ட கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள். நடுவே ஒரு பெரிய கருவி. அதன் பெயர் தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது, வட்டம் மட்டுமே 36 அங்குலம், மொத்த எடை ஏறக்குறைய அரை டன். அது கடலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த கவர்னர் மரியாதையோடு சென்னைக்குத் திருப்பி அனுப்பினார். கப்பல் சண்டையில் தப்பிய அந்தப் பாரம் கரிசல் மண்ணில் மனிதத் தோளில் ஏறியது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண் இது. ஒரு மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் பெட்டி பெட்டியாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு, அதை அசைக்காமல், இடிக்காமல், குன்றின் உச்சிவரை கொண்டுபோய் வைத்தது பெயர் தெரியாத தோள்கள்.

சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொடுக்கக் கொண்டுபோன உருக்குச் சங்கிலி அது. அங்கே யாரும் அதைச் சீந்தவில்லை. திரும்பும் வழியில் இந்தியாவில் தங்கிவிட்டது. 100 அடி நீளம். இரண்டரை அடிக் கண்ணிகள் 40. இதை வைத்துத்தான் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். ஏழரை மைல் தூரம். ஏறக்குறைய 400 தடவை சங்கிலியைத் தூக்கி வைக்க வேண்டும். தரையில் போட்டு இழுக்கிற வேலையில்லை. மரப் பெட்டிகளை முக்காலிகள் மேல் மட்டமாக நிறுத்தி, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, வெயில் படாமல் மேலே கூடாரம் பிடித்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். உருக்கு சூட்டில் நீளும். ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட நீளாது. ஆனால் 400 தடவை அதே பிசகு சேர்ந்தால் 3 அங்குலம். சித்திரை வெயிலில் கூடாரத் துணியை ஒரு பக்கம் தாழ்த்திப் பிடிக்க மறந்தால்கூடப் பூமியின் அளவு கெட்டுவிடும்.

சின்ன வயதில் எங்கள் பருத்திக் காட்டை அளக்க சர்வேயர் வந்தது ஞாபகம் இருக்கிறது. குடை நிழலில் அவர் நிற்க, சங்கிலியை இழுத்தவர் எங்கள் ஊர்த் தலையாரி. ஆர்வத்தில் நான் சங்கிலி மேல் கால் வைத்துவிட்டேன்.

“தம்பி, மிதிக்காதீங்க. தொய்ஞ்சுபோச்சுன்னா இல்லாத நிலம் கணக்குல ஏறும். முறுக்கி இழுத்தா இருக்கிற நிலம் குறைஞ்சுபோகும்.”

“அப்ப எப்படித்தான் பிடிக்கணும் அண்ணாச்சி?”

“கை அறியும் தம்பி. அது சொல்லி வராது.”

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் சர்வேயர். கை அறிந்தவர் தலையாரி. லாம்டனின் கட்டுரைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

அடிக்கோட்டை அளந்த பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கத்தின் நீளமும் மூன்று கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். அப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போகலாம். இனி எல்லாம் கோணத்தில் இருக்கிறது. கோணமோ எதிர்க் குன்றில் நிற்கிறவன் கையில் இருக்கிறது. அவன்தான் கொடிக்காரன்.

கொடிக்காரன் முன்கூட்டியே போய்விடுவான். முப்பது மைல் தள்ளி ஒரு மலையைக் காட்டி, அங்கே போய்க் கொடி நடு என்பார்கள். அவன் முள்ளை வெட்டி, உச்சியைச் சுத்தம் செய்து, குறித்த புள்ளியின் மேல் கம்பத்தை நட்டு, கூப்பிடும்வரை காவல் இருக்க வேண்டும். தூசியும் கானலும் அடங்கி, கருவிக் கண்ணாடியில் கொடி தெரிவதற்கு நாள்கணக்கிலும் ஆகும், வாரக்கணக்கிலும் ஆகும். அதுவரை தண்ணீர் எங்கே, சோறு எங்கே என்பது அவன் பாடு. மலையில் காய்ச்சல் இருந்தால் அதுவும் அவன் பாடு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். முப்பது மைல் தூரத்தில் இருக்கும் கம்பம் ஒரு சாண் தள்ளி நின்றால் கோணத்தில் எவ்வளவு பிசகும்? ஏறக்குறைய ஒரு விகலை. பாகையை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. லாம்டன் துரத்தியது அந்த ஒரு விகலையைத்தான். அப்படியானால் உலகின் அன்றைய மிகத் துல்லியமான அளவைகளில் ஒன்று, காற்று வீசும் மலையுச்சியில் ஒருவன் கம்பத்தை ஒரு சாண்கூட நகரவிடாமல் பார்த்துக்கொண்டதால் நின்றது. கருவி செய்த கேரிக்கு எவ்வளவு பங்கோ, கம்பம் பிடித்தவனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பகலில் கானல் ஆடும். அதனால் இரவிலும் கோணம் பார்க்கும் வழக்கம் வந்தது. கொடிக்குப் பதில் வெளிச்சம். அன்றைய சர்வேக்காரர்கள் எரித்த வெளிச்சத்துக்கு நீல விளக்கு என்று பெயர். இது என்ன என்று சிவகாசிக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெடியுப்பு, கந்தகம், அதோடு ஆன்டிமணியோ அரிதாரம் போன்ற ஒன்றோ சேர்த்துக் குழாயில் இடித்து நிரப்பிய மத்தாப்பு மருந்துதான். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கப்பல் கப்பலாகப் போன வெடியுப்பால் இந்த வகை வெளிச்சத்துக்கே ஐரோப்பாவில் ‘பெங்கால் லைட்’ என்று பேர் விழுந்தது. குறித்த நேரத்துக்கு மலையில் ஒருவன் பற்றவைப்பான். முப்பது மைலுக்கு இப்பால் ஒருவன் கண்ணாடியில் கண்ணை வைத்துக் காத்திருப்பான். மருந்து எரியும் சில நிமிடங்களுக்குள் கோணத்தைப் பிடித்துவிட வேண்டும். மருந்தில் ஈரம் ஏறியிருந்தால் ஒரு ராத்திரி போச்சு. பட்டாசுக் கிட்டங்கியில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். மருந்து நமுத்துப்போவது என்றால் கூலி நமுத்துப்போவது என்று அர்த்தம்.

ஆயுதம் பறிகொடுத்து ஏழெட்டு வருஷம்கூட ஆகாத சீமையில், குன்றின் மேல் கும்பினியாரின் கொடி. இரவானால் எங்கோ மலையில் தீ. ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப்புரத்துப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு இந்தியாவில் பல இடங்களில் சர்வேக்காரர்களைத் துரத்தியிருக்கிறது. ஊராரின் சந்தேகத்துக்கு முதலில் முகம் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. மலையில் தனியாகக் கொடியோடு நின்ற நம்மவர்களே.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. லாம்டன் பெங்களூரில் அளந்துகொண்டிருந்த அதே 1804-இல், மே 14-ஆம் தேதி, அமெரிக்காவில் மிசௌரி ஆற்று வழியாக ஒரு கூட்டம் கிளம்பியது. மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்ற இரண்டு அதிகாரிகள் தலைமை. ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பி, கண்டத்தைத் தரைவழியாகக் கடந்து பசிபிக் கடலைத் தொட்டுவிட்டு, 1806 செப்டம்பர் 23-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் திரும்பினார்கள். அவர்களும் மருந்துக்குப் பயந்தவர்கள்தாம். ஓடம் கவிழ்ந்தாலும் நனையாமல் இருக்கட்டும் என்று வெடிமருந்தை 52 ஈயக் குப்பிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள். மருந்து தீர்ந்ததும் அந்தக் குப்பியையே உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்வது. ஒரு குப்பி ஈயமும் அதற்குள் இருந்த மருந்தும் ஒன்றுக்கொன்று கணக்காகச் சரியாகப் போகும். சிவகாசியில் இதைக் கேட்கிற எந்த ஃபோர்மேனும் பாராட்டுவார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. 1805 ஏப்ரலில் மேற்கே புறப்பட்ட 33 பேரின் பெயரும் நமக்குத் தெரியும். ஒருவர் விடாமல் தெரியும். சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 5 டாலர் என்று சம்பளப் பட்டியல் இருக்கிறது. தலைவர்கள் மட்டுமின்றி சார்ஜென்ட்களும் நாட்குறிப்பு எழுதினார்கள். பிடில் வாசித்த ஒற்றைக்கண் படகோட்டி குரூசாட்டைத் தெரியும். வழியில் நோய்கண்டு செத்த சார்ஜென்ட் சார்லஸ் ஃபிளாய்டைத் தெரியும். தேதி 1804 ஆகஸ்ட் 20, புதைத்த குன்றும் தெரியும். முதுகில் குழந்தையோடு நடந்த ஷோஷோனிப் பெண் சகாகவியாவைத் தெரியும், குழந்தையின் பெயரும் தெரியும். கிளார்க்கின் அடிமையாக நடந்த யார்க்கைத் தெரியும். லூயிஸ் கூட்டிப்போன நாயின் பெயர்கூடத் தெரியும்: சீமன்.

அங்கேயும் நியாயம் முழுதாக நடந்துவிடவில்லை. திரும்பியதும் சிப்பாய்களுக்கு 320 ஏக்கர் நிலம். யார்க்குக்குச் சம்பளமும் இல்லை, நிலமும் இல்லை, விடுதலையும் இல்லை. விடுதலை கேட்டபோது கிளார்க் பல ஆண்டுகள் மறுத்தார். சகாகவியாவுக்கு ஒரு காசு இல்லை. அவள் புருஷனுக்குத்தான் பணம் போயிற்று. ஆனாலும் பெயர் எழுதப்பட்டிருந்ததால், இருநூறு வருஷம் கழித்தாவது அவர்கள் சார்பில் கேள்வி கேட்க முடிந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அந்த வழியும் இல்லை.

நம் பக்கத்தில் மிஞ்சிய பெயர்கள் எவை? ஹென்றி கேட்டர் என்ற இளம் அதிகாரி சில வருஷம் லாம்டனோடு மலை ஏறினார். பின்னால் ஊசல் ஆராய்ச்சியில் பெயர் வாங்கினார். அடுத்த வரிசையில் ஜோஷுவா டி பென்னிங், பீட்டர் லாரன்ஸ், வில்லியம் ரோசன்ரோட். இவர்கள் ஐரோப்பியத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த வம்சாவளியைச் சேர்ந்தவர்கள். இப்படிப்பட்ட பையன்களை எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியில் வளர்த்து, 1794-இல் தொடங்கிய சென்னை சர்வே பள்ளியில் அளக்கப் பழக்குவது அன்றைய ஏற்பாடு. அந்த விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே புகுத்தி, அதையே ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் இப்படிச் சுற்றி வளைத்து லாம்டனின் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கிறது.

டி பென்னிங் 1802-இல் சிறு பையனாகச் சேர்ந்து லாம்டன் சாகும்வரை கூட இருந்தார். பின்னர் கல்கத்தாவில் கணக்கு அலுவலகத்துக்கே தலைமை ஏற்றார். ஆனாலும் இவர்களும் உதவியாளர்கள் என்ற படிக்கு மேல் ஏறவில்லை. பட்டம் பதவியெல்லாம் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு. அதற்கும் கீழே இருந்த கொடிக்காரர், கூடாரத்து லஸ்கர், சங்கிலி ஆள், சுமைதூக்கி, தண்ணீர்க்காரர், தபால் ஓட்டக்காரர் எல்லாரும் எண்ணிக்கைதான்.

அவர்கள் கண்ணில் படுவது ஏதாவது தவறும்போது மட்டுமே. 1808-இல் தஞ்சாவூரில் அப்படி நடந்தது. காவிரிச் சமவெளியில் மலை இல்லை. கோயில் கோபுரங்களே குன்றுகள். பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குத் தியோடலைட்டைக் கயிறு கட்டி இழுத்தார்கள். வடம் அறுந்தது. கருவி கோபுரத்துக் கல்லில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை எல்லாரும் சொல்வார்கள்: லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆறு வாரம் ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வட்டத்தை நிமிர்த்தினார். பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. எனக்கு அந்தக் கயிற்றின் மறுமுனை ஞாபகம் வருகிறது. திடீரென்று பாரம் விட்டுப்போனபோது அதை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே போய் விழுந்தார்கள்? உள்ளங்கைத் தோல் எவ்வளவு உரிந்தது? நிமிர்த்திய அதே வட்டத்தோடுதான் இந்தக் கூட்டம் அடுத்து நம் சீமைக்கு இறங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபோது அவர்களுக்குத் தஞ்சாவூர் நினைப்பு வராமலா இருந்திருக்கும்?

பாளையங்கோட்டை அடிக்கோடும் புன்னையும் முடிந்ததும் தெற்கில் வேலை தீர்ந்தது. கூட்டம் வடக்கே திரும்பியது. 1811-இல் குத்தி, 1815-இல் பீதர். சென்னைப் பக்கத்து ஆட்கள் மொழி புரியாத சீமைக்குள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1819 மழைக்காலத்தில் ஜார்ஜ் எவரெஸ்ட் முதன்முறையாக ஒரு பிரிவை நடத்திக்கொண்டு கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவே காட்டுக்குள் போனார். காய்ச்சல் கண்டது. ஏறக்குறைய 150 பேர் கொண்ட கூட்டம் மொத்தமும் படுத்துவிட்டது. 15 பேர் செத்தார்கள். ஃபிளாய்டுக்குக் குன்றின் மேல் நூறடி உயரத் தூண் நிற்கிறது. இந்த 15 பேருக்கும் மிஞ்சியது அந்த எண்ணிக்கை. 1823 ஜனவரி 20-ஆம் தேதி, இன்னும் வடக்கே ஹிங்கன்காட்டில் லாம்டனும் இறந்தார். இருபது வருஷம் அவர் பின்னால் நடந்த ஆட்களில் பலர் அந்தக் கூடாரங்களிலேயே குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றவர்கள்.

அடிவரிசையிலிருந்து பெயரோடு மேலே வந்தவர் ஒருவராவது உண்டா என்றால், உண்டு. நம் ஆற்காட்டில் பிறந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர். கைவேலையைப் பார்த்துக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போனார்கள். 1843-இல் சர்வேயின் கருவித் தயாரிப்பாளராகவே உயர்ந்தார். லண்டனிலிருந்து வந்த நிபுணர் இருந்த இடம் அது. வட்டத்தில் பாகைக் கோடு கீறும் வேலை அவருடையது. தலைமுடி அகலம் பிசகினாலும் மேலே சொன்ன விகலை கெட்டுவிடும் வேலை. கண்டிப்புக்குப் பேர்போன எவரெஸ்டே அவரைப் புகழ்ந்து எழுதி, அவருக்காக மேலிடத்தோடு வாதாடியிருக்கிறார்.

முகத்தோடு மிஞ்சியவர் ஒருவரும் இருக்கிறார். அவர் லாம்டனிடம் இருந்தவரில்லை. மைசூரை அளந்த காலின் மெக்கன்சியிடம் வேலை பார்த்தவர். 1816-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சிவப்புக் கோட்டுப் போட்டு நடுவில் நிற்கிறவர் மெக்கன்சி. கையில் ஓலைச்சுவடியோடு ஒரு சமணப் பண்டிதர், பக்கத்தில் மெக்கன்சியின் உதவியாளர் காவலி லட்சுமய்யா. இன்னொரு ஆள் தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பியூன் கிருஷ்ணாஜி. நெடுநேரம் ஒரு கருவியை அசையாமல் தாங்கிப் பழகிய கை அது. படத்தில் கொஞ்சமும் தளரவில்லை.

அடுத்த வாரம்: சென்னை சர்வே பள்ளியில் படித்த தாமஸ் டர்ன்புல், திருநெல்வேலி ஜமீன்களின் குளம், கண்மாய், ஊர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு நம் கரிசலுக்குள் நுழைகிறார்.